படுத்ததும் செத்ததும்

'மின்கலம்' என்ற சொல்லை வகுப்பறையில் புழங்குகிறேன்; பட்டறையில் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே அது பேட்டரிதான். ஆனால் அந்த அஃறிணைப் பொருளைப் பற்றி மெக்கானிக்குகள் பேசும் தமிழைக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு தனி விருப்பம் உண்டு. பேட்டரி தண்ணீர் குடிக்கிறது, வீங்குகிறது, படுத்துக்கொள்கிறது, செத்துப்போகிறது. இவற்றுள் கடைசி இரண்டு வினைகளையும் நாம் ஒன்றாகவே கொள்கிறோம். தேர்ந்த மெக்கானிக் அப்படிக் கொள்வதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு மாற்று பேட்டரி வாங்கும் பேச்சு இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் கல்லூரியில் பணிபுரியும் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நாள்தோறும் 22 கிலோமீட்டர் வண்டியில் வருபவர். ஆண்டுக்குப் பதினொரு மாதமே ஊதியம் பெறும் அவருக்கு, சம்பளமில்லாத மே மாதத்தில் வண்டி நின்றுபோயிற்று. கிக்கர் இல்லாத வண்டி. நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டிருந்தார். விற்ற கடைக்காரர், "இதுவும் செத்துருச்சு சார், வாரண்டிக்கு அனுப்புனா இருபது நாளாகும், அதுவரைக்கும் வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க" என்றாராம். அவர் கடன் கேட்டு என்னிடம் வந்தார். நான் எனக்குத் தெரிந்த பட்டறைக்கு அழைத்துப் போனேன்.

அந்த மெக்கானிக் தம்பி பேட்டரியைக் கழற்றி இரவு முழுவதும் சார்ஜ் போட்டார். காலையில் சார்ஜரை எடுத்துவிட்டுச் சில மணி நேரம் சும்மா வைத்திருந்து மல்டிமீட்டரால் அளந்தபோது 12.6 வோல்ட் இருந்தது. ஈய அமில பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6க்குக் குறையாமல் காட்ட வேண்டும். பிறகு அதை வண்டியில் பொருத்தி செல்ஃபை அழுத்தினார். அப்போது அளவு 10 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. "சார், இது சாகலை, படுத்துருக்கு. படுக்கவச்சது யாருன்னு பார்ப்போம்" என்றார்.

எஞ்சின் ஓடும்போது, சற்றே முறுக்கிப் பிடித்தால், பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வந்தது 12.4, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பழுது 'ஆர்.ஆர். யூனிட்' என்று அவர்கள் சொல்லும் ரெகுலேட்டரில். அதை மாற்றியதும் வண்டி சரியாயிற்று. இரண்டாவது பேட்டரியை வாங்கியிருந்தால் அதுவும் சில நாட்களில் படுத்திருக்கும். 2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டு இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது; 2020இல் பி.எஸ். 6 விதி வந்தபின் எரிபொருளைச் செலுத்துவதும் மின்சாரத்தின் வேலையாகிவிட்டது. பழைய கார்புரேட்டர் வண்டிகளைப் போலத் தள்ளிக்கொண்டு ஓடி ஸ்டார்ட் செய்வது, பேட்டரி முற்றிலும் இறங்கிய வண்டியில் பலிக்காது.

படுத்த பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் தகடுகளின்மீது ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் ஏறாது. படுத்தது சாவது அப்படித்தான்.

உண்மையிலேயே செத்துவிட்டது என்றானபின் தேர்வு பெரிய வித்தை அன்று. வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். பழைய பேட்டரியின் மேலுள்ள எழுத்தை மட்டும் நம்பக்கூடாது, முன்பு யாரேனும் மாற்றிப் போட்டிருக்கலாம். 12 வோல்ட், கையேடு சொல்லும் ஆம்பியர்-மணி, நீள அகல உயரம், பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்ற நான்கும் பொருந்தியாக வேண்டும். முனை இடம் மாறிய பேட்டரியை வயரை இழுத்து இணைக்கும்போது தலைகீழாக இணைத்துவிடும் ஆபத்து உண்டு, ரெகுலேட்டர் எரிந்துபோகும். 'பெரிசா போடுங்க, நல்லா இழுக்கும்' என்பார்கள். ஆம்பியர்-மணி சற்றுக் கூடினால் கெடுதல் இல்லை. ஆனால் பெட்டிக்குள் அடங்காததை ரப்பரால் கட்டிவைத்தால் அதிர்விலேயே உள்தகடு உடையும். லித்தியம் வகை எடை குறைவு, விலை அதிகம். வண்டியின் சார்ஜிங் அதற்கு ஒத்துவரும் என்று தெரிந்தாலொழிய வேண்டாம்.

குளிர்நிலைத் தொடக்க ஆம்பியர் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அளப்பது அது. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். ஒரே அளவுள்ள இரண்டு பேட்டரிகளை ஒப்பிட மட்டும் அந்த எண்ணைக் கொள்ளலாம்.

வாரண்டி அட்டையில் '24+24' என்றிருந்தால், இலக்கணம் படித்தவன் அந்தக் கூட்டல் குறியை உம்மைத்தொகையாக விரித்து 48 மாதம் என்றே வாசிப்பான். அப்படியன்று. முதல் இருபத்துநான்கு மாதத்தில்தான் இலவச மாற்று. அடுத்ததில் புதியதன் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே. அந்தத் தள்ளுபடியும் பெரும்பாலும் அச்சிட்ட விலையின்மேல் கணக்கிடப்படுகிறது. கடையில் விற்பதோ அதற்கும் குறைவாக. ஆகவே இரண்டாம் எண்ணை நம்பிக் கூடுதல் பணம் தருவது வீண். அதைவிடத் தயாரிப்புத் தேதியைக் கேட்பது மேல். அது குறியீடாக இருக்கும், கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லலாம். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருந்ததை நான் வாங்குவதில்லை. கடையிலேயே ஆசிட் ஊற்றித் தரும் வகையாயின், ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டவிடாமல், ஊறவைத்து முழு சார்ஜ் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். அவசரப்படுத்துவார்கள். மறுநாள் வருகிறேன் என்று வந்துவிடுவது நல்லது.

பழையதைக் குப்பையில் போடக்கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் தனியே பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பை வாங்குபவர்மீதும் வைக்கின்றன. ஈயத்துக்கு விலையுண்டு, எனவே பழையதைத் தந்தால் கடைக்காரர் கழிவு தருவார், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொண்டுபோகும்போது துணிப்பை வேண்டாம், பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள். ஆசிட் பட்ட பருத்தி வேட்டி அன்றைக்கு ஒன்றும் காட்டாது, துவைத்தபின்தான் ஓட்டை தெரியும்.