மச்சான் கையில் கயிறு

புளியங்குடிக்காரனுக்குக் கடல் என்பது நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற சமாச்சாரம். மேற்கே மலை, சுற்றிலும் எலுமிச்சைத் தோட்டம், தோட்டத்துக்கு ஒரு கிணறு. எங்கள் நீச்சலெல்லாம் அந்தக் கிணற்றோடு சரி. பம்புசெட் ரூம் மேலேயிருந்து குதிப்பது பொடியன்கள் வேலை. மீசை முளைத்தவன் முங்கிப்போய் அடிமண் எடுத்து வந்து காட்ட வேண்டும். கையில் சேறு இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாலும் கணக்கில் சேராது. நல்ல மழை பெய்து கிணறு நிறைந்துவிட்டால் பாதி வழியிலேயே காது விண்ணென்று தெறிக்கும். ஏன் என்று சொல்லித்தர ஆள் கிடையாது.

இதே வித்தையை மத்தியதரைக் கடற்கரையில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கிரீஸில் கலமாட்டா, துருக்கியில் காஷ், பிரான்ஸில் நீஸ் நகரை ஒட்டிய வில்பிரான்ஷ் எல்லாம் ஃப்ரீடைவிங்குக்குப் பேர்போன ஊர்கள். சிலிண்டர் கிடையாது, ஒரே மூச்சில் போய் அதே மூச்சில் திரும்ப வேண்டும். விமானக் கட்டணத்தையும் பயிற்சிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் தூத்துக்குடி ஞாபகம் வந்தது. சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பஸ் மாறி மாறிப் போய்விடலாம். கரிசல் முடிந்து உப்பளம் தெரிய ஆரம்பித்தால் ஊர் வந்துவிட்டது.

நான் போனது மாசி மாதம். வாடைக் காற்று அடங்கி, கச்சான் காற்று கிளம்புவதற்கு முந்தின இந்த இடைவெளியில்தான் கடல் தெளிந்து கிடக்கும். திரேஸ்புரம் கரையில் சங்குகுளிக்கிறவர்களிடம் விசாரித்து, தொழிலை விட்டுவிட்ட ஒரு அண்ணாச்சியைப் பிடித்தேன். எழுபதை ஒட்டிய வயது, ஒரு காது மந்தம். "ஐரோப்பாவில இதுக்கு சர்ட்டிபிகேட்டு குடுக்காங்க அண்ணாச்சி" என்றதற்குச் சிரித்தார். "இங்க சங்கு கெடைச்சாதான் சர்ட்டிபிகேட்டு."

சங்குக்கு முன்னால் முத்து. பாண்டியரின் கொற்கை இங்கிருந்து கூப்பிடு தூரம். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' கொற்கையைக் குறிப்பிட்டு, அங்கே முத்தெடுப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, சுறா வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து போனதாக எழுதிவைத்தார். கடல்கட்டிகள் என்று அவர்களுக்குப் பெயர். பிறகு போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கடலுக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் மாறினார்கள். உள்ளே இறங்கியவர்கள் மாறவில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் பிறகு பார் எனப்படும் கடலடித் திட்டுகளில் குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு மூச்சடக்குகிற ஆள் தேவைப்படவில்லை.

அண்ணாச்சி என்னைத் தண்ணீருக்குள் இறக்குவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் முதலில் கொடுத்தது கயிறு. வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த கல்லைப் புரட்டிக் காட்டினார். மேல்பக்கம் துளை, துளையின் விளிம்பு கயிறு உரசி உரசி வழுவழுவென்றிருந்தது. குளிக்கிறவர் கல்லுக்கு மேலே உள்ள கயிற்று வளையத்தில் பாதத்தை நுழைத்து, நிமிர்ந்த வாக்கில் இறங்குவார். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். மேலே இருப்பவர் கல்லை உடனே தூக்கிக்கொள்வார். எடுத்ததைப் போடுகிற பைக்கு இன்னொரு கயிறு. அதை வெட்டி இழுத்தால் ஆளை ஏற்ற வேண்டும். மொத்தமும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை.

"கயிறு தளந்தா அவன் நடக்கான். விரைப்பா ஒரு பக்கமா போனா நீவாடு இழுக்கு. சும்மா கெடந்தா நீ யோசிக்கவே கூடாது தம்பி, தூக்கிரணும்." நீவாடு என்றால் நீரோட்டம். வத்தை என்கிற படகிலிருந்து அவருடைய மருமகன் குதிக்க, நான் கயிற்றைப் பிடித்தேன். பேசக் கூடாது, பீடி கூடாது, கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இருபதடிக்குக் கீழே ஒரு மனிதன் திரும்பி நிற்பது உள்ளங்கையில் தெரிகிறது என்பதை அன்றைக்கு நம்பினேன். வான் தீவுப் பக்கம் அவர்கள் போகவே இல்லை. அதையும் சேர்த்து மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா.

மறுநாள்தான் எனக்குத் தண்ணீர். மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லக் காற்றை உந்திக் காதைத் திறக்க வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நெஞ்சிலிருக்கிற காற்று பாதியாகச் சுருங்கிவிடும். தலைகீழாக இறங்கும்போது காற்று நெஞ்சுப் பக்கமே தங்கிவிடுவதால் காதுக்கு எட்டுவது சிரமம். கல்லோடு கால்கீழாகப் போனால் அந்தத் தொல்லை குறைவு. கல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதல் சில மீட்டர்களில் உடம்பு மிதக்கப் பார்க்கும். அதை எதிர்த்துக் கால் உதைத்தே பாதி மூச்சு செலவாகும். கல் அந்தச் செலவை மிச்சம் பிடித்து, கீழே வேலை செய்யக் கொடுக்கிறது.

ஆபத்து கீழே இருப்பதைவிட மேலே வரும்போதுதான் அதிகம். ஆழத்தில் அழுத்தம் இருப்பதால் கொஞ்ச ஆக்ஸிஜனும் மூளைக்குப் போதும். மேலே ஏற ஏற அழுத்தம் விழுகிறது. கடைசிச் சில மீட்டரில், சில சமயம் தலை வெளியே வந்த பிறகும், விளக்கணைத்தாற்போல நினைவு போய்விடும். மூச்சு முட்டுகிற தவிப்பைக் கொடுப்பது ஆக்ஸிஜன் குறைவு அல்ல, சேர்ந்துபோன கரியமிலவாயு. குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொள்கிற பையன்கள் அந்தக் கரியமிலவாயுவைத்தான் வெளியேற்றுகிறார்கள். தவிப்பே வராமல் மயங்கிவிடுகிற வழி அது.

மத்தியதரைக் கடலிலும் ஆரம்பம் கல்தான். கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுத்தவர்கள் 'ஸ்கந்தலோபெத்ரா' என்ற தட்டைக் கல்லைக் கயிற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மேலேயிருந்து கூட்டாளி தூக்கினார். 1913இல் கார்பதோஸ் தீவருகே இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றின் நங்கூரம் அறுந்து விழுந்தபோது, எழுபது மீட்டருக்கும் கீழே போய் அதில் கயிறு மாட்டி வந்தவர் ஹாட்ஸிஸ் என்கிற பஞ்சுகுளிக்காரர். சோதித்த மருத்துவர்கள் கண்டது கிழிந்த செவிப்பறையும் கோளாறான நுரையீரலும். விளையாட்டாக மாறியது அப்புறம்தான். 1949இல் ரைமொண்டோ புச்சர் ஒரு பந்தயத்துக்காக 30 மீட்டர் போனார். 1976இல் எல்பா தீவருகே ஜாக் மயோல் எடை கட்டிய சறுக்கியோடு 100 மீட்டரைத் தொட்டார். 1992இல் ஆய்டா என்ற சர்வதேச அமைப்பு வந்து போட்டிகளுக்கும் பயிற்சிக்கும் விதி எழுதியது. தனியாக முங்காதே, துணை ஆள் பக்கத்தில் இருக்கட்டும், மேலே வந்தவனை விட்டு உடனே கண்ணை எடுக்காதே. அங்கே எந்த வகுப்பிலும் இதுதான் அரிச்சுவடி.

இந்த விதி தூத்துக்குடியில் உறவுமுறையாக இருந்தது. கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். பங்காளிக்குச் சொத்துக் கணக்கு இருக்கலாம், கூட்டாளிக்குக் கூலிக் கணக்கு இருக்கலாம். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனுக்குத் தங்கச்சி தாலி ஒன்றுதான் கணக்கு. "எங்க அப்பாவுக்கு எங்க மாமாதான் பிடிப்பாவ. ரெண்டு பேருக்கும் கரையில பேச்சுவார்த்தையே கெடையாது. வத்தையில ஏறுனா மாமா கையிலதான் கயிறு" என்றார் அண்ணாச்சி.

மூச்சடக்கிக் குளிக்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் கீழே இருந்தால் சங்கு அதிகம் சேரும். அவசரமாக மேலே வந்தால், அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், சிலரைப் படுக்கையிலேயே போட்டுவிடும். அண்ணாச்சியின் மருமகனும் சீசனில் குழாய்க்காரர்தான். வருமானம் இருக்கிற பக்கம் போகாதே என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

எனக்குத் தோன்றுவது இதுதான். கிரீஸில் அந்தப் பழைய கல்லை வைத்து இன்று போட்டியே நடத்துகிறார்கள். இங்கே கல்லும் இருக்கிறது, அதன் கணக்கு தெரிந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையே ஆசிரியர்களாக வைத்து, சம்பளமும் காப்பீடும் கொடுத்து, தூத்துக்குடியில் ஒரு பள்ளி தொடங்கினால் படிக்க ஆள் வரும். கட்டணம் கொடுக்கத் தயங்காதவர்களில் நானும் ஒருவன். சான்றிதழை ஆய்டாவிடம் வாங்கிக்கொள்ளலாம். முதல் பாடம் மட்டும் திரேஸ்புரத்து வழக்கப்படி இருக்கட்டும்: அடுத்தவனுக்குக் கயிறு பிடிக்கத் தேறியவனுக்குத்தான் தண்ணீர்.