துருக்கித் தொப்பி

எங்கள் குடும்பத்துப் பழைய கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைமார் எல்லோரும் துருக்கித் தொப்பியோடுதான் நிற்கிறார்கள். மூத்தவாப்பா தனது தொப்பியைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருப்பார். ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் மட்டுமே எடுப்பார். அதன் கறுப்புக் குஞ்சத்தை எங்களைத் தொடவும் விடமாட்டார். அவருடைய தலைமுறைக்கு அது வெறும் உடுப்பல்ல, தீனின் அடையாளம்.

அந்த அடையாளத்தின் வரலாறு விசித்திரமானது. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826இல் ஜானிசரிப் படையைக் கலைத்தார். 1829இல் அரசாங்க உத்தியோகத்தர் யாவரும் தலைப்பாகையைக் களைந்து இத்தொப்பியை அணிய வேண்டுமெனக் கட்டளையிட்டார். அதுவரை ஒருவரின் தலைப்பாகையைப் பார்த்தே அவரது பதவியையும் மதத்தையும் சொல்லிவிடலாம். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்ற பேதம் தலையில் தெரியக் கூடாது என்பதே புதிய சட்டத்தின் எண்ணம். உலமாக்களுக்கு மட்டும் தலைப்பாகை விட்டுவைக்கப்பட்டது. தொப்பிக்கு விளிம்பு இல்லாததால் ஸுஜூதில் நெற்றி நிலத்தில் படுவதற்கும் தடையிருக்கவில்லை. ஆயினும் பழைமையில் ஊறியவர்கள் இதனை மார்க்கத்துக்கு விரோதமான புதுமை என்று எதிர்த்தார்கள்.

நூறு வருடம் நிறைவதற்குள் எல்லாம் தலைகீழாயிற்று. 1925இல் முஸ்தபா கமால் அதே தொப்பியைத் தடைசெய்து ஐரோப்பியத் தொப்பியை அணியச் சொன்னபோது, முன்னர் புதுமை எனப்பட்டது மார்க்கத்தின் கொடியாகிவிட்டது. ஐரோப்பியத் தொப்பியைக் கண்டித்து நூல் எழுதிய இஸ்கிலிப்லி ஆதிப் ஹோஜா 1926இல் தூக்கிலிடப்பட்டார். இத்தனைக்கும், உஸ்மானியர் அணிந்த தொப்பிகளில் பெருந்தொகை ஒஸ்ரியாவிலிருந்து இறக்குமதியானவை. 1908இல் ஒஸ்ரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது மக்கள் ஆத்திரத்தில் பகிஷ்கரித்த பொருட்களில் இந்தத் தொப்பியும் ஒன்று.

எமது நாட்டில் இது வேரூன்ற எகிப்தியப் போராளி ஒராபி பாஷாவும் ஒரு காரணம். பிரித்தானியரிடம் தோற்று, நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த அவரும் தோழர்களும் அணிந்திருந்த தொப்பியை எம்மவர் ஆசையோடு பார்த்தார்கள். 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அதனை அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றியதற்குப் பிரதம நீதியரசர் ஆட்சேபம் தெரிவித்தார். முஸ்லிம்கள் கொதித்தெழுந்து, மருதானையில் பெருங்கூட்டம் கூடினார்கள். அந்தப் போராட்டத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்நிய ஆட்சியின் முன் தலைநிமிர்ந்து நிற்க ஒரு சமூகத்துக்கு அது உதவியது. ஆனால் அது மானத்தின் போராட்டம். மார்க்கத்தின் போராட்டம் என்று அதைச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் இன்று தொழுகையில் தொப்பி அணிவதா விடுவதா என்பதே பிரச்சினை. நான் பழைய பள்ளிக்குப் போகிறேன். தம்பி தொப்பி போடாதவர்களின் பள்ளிக்குப் போகிறார். ஒரே உம்மாவின் பிள்ளைகள் பெருநாளன்று இரண்டு ஸஃப்புகளில் நிற்கிறோம். சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்றுகூடுகிறோம்.

பேரரசுகளின் பெருமை எங்களுக்கு இனிக்கிறது. டமஸ்கஸ், பக்தாத், குர்துபா, இஸ்தான்புல் என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் 1258இல் ஹுலாகுவின் படை பக்தாதை அழித்துக் கலீபாவைக் கொன்றபோது, டமஸ்கஸில் ஓர் இளைஞர் ஓதிக்கொண்டிருந்தார். அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. அவர்தான் இமாம் நவவி. அவர் தொகுத்த ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ இன்றும் எங்கள் பள்ளிகளில் வாசிக்கப்படுகிறது. அவரது ‘மின்ஹாஜ்’ இன்றும் ஷாபிஈ மத்ஹபின் ஆதார நூல்களில் ஒன்று. பக்தாதின் அரண்மனையில் எதுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்த ஏழை ஆலிமின் எழுத்து வந்துவிட்டது.

இலங்கை முஸ்லிம்களை எந்தக் கலீபாவும் ஆண்டதில்லை. அரபுக் கடலிலும் மலபாரிலும் காயல்பட்டினத்திலுமிருந்து வந்த வியாபாரிகளும் ஆலிம்களுமே எமக்கு வுழூச் செய்யவும் நிறுவையில் நீதமாக இருக்கவும் கற்றுத் தந்தார்கள். 1924 மார்ச் 3இல் அங்காராவில் கிலாபத் ஒழிக்கப்பட்டது. அந்த வாரமும் எங்கள் ஊர்களில் ஜும்ஆ நடந்தது. 2014இல் மோசூலில் ஒருவர் தன்னைக் கலீபா என்று அறிவித்தார். 2019 ஏப்ரலில் அவர் பெயரால் பைஅத் செய்த சிலர் எமது நாட்டில் செய்த கொடுமையின் பழியை முழுச் சமூகமும் சுமந்தது. ஆட்சியே தீன் என்று எண்ணியவர்களால் வந்த வினை அது.

தொப்பியைப் போடுகிறவர் போடட்டும், விடுகிறவர் விடட்டும். சுல்தான் ஒருவரின் சட்டம் தந்த உடுப்புக்காக யாரும் யாருக்கும் ஸலாம் சொல்லாமல் போக வேண்டியதில்லை.