மட்டக்கம்பும் ஆக்கவுரிமையும்

தேயிலை நாட்டில் இலைக்கு ஒரு விலை உண்டு. இலையைப் பறிக்கும் கைக்கு ஒரு கூலியும் உண்டு. அந்தக் கையின் அறிவுக்கு மட்டும் எந்த ஏட்டிலும் இடமில்லை. தலவாக்கலையில் ஆசிரியத் தொழில் புரியும் நாம் நாள்தோறும் காணும் உண்மை இது.

நம் மலைகளிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளின் வரலாறு, ஒருவகையில் ஆக்கவுரிமைப் பத்திரங்களின் வரலாறே. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அந்தத் தொடக்க காலத்தில் கொழுந்தை மேசைமீது உருட்டியவை மனிதக் கைகளே. பின்னர் வில்லியம் ஜாக்சன் உருட்டும் இயந்திரத்தை ஆக்கினார். கச்சார்த் தோட்டங்களில் பணிபுரிந்த சாமுவேல் டேவிட்சன், வெப்பக் காற்றால் இலையை உலர்த்தும் 'சிரோக்கோ' இயந்திரத்தை ஆக்கி, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் அதற்கெனத் தொழிற்சாலையும் நிறுவினார். அவர்களுடைய திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், கை செய்த வேலையைக் கண்ட பின்னரே இயந்திரம் அதனைக் கற்றது. கற்ற மாணவனுக்குப் பத்திரம் கிடைத்தது. கற்பித்த ஆசானுக்கு என்ன கிடைத்தது?

ஒருமுறை வகுப்பில் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களைக் கேட்டோம். எடிசன், மார்க்கோனி என்று விடைகள் வந்தன. கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தியின் மகள் எழுந்து, "மட்டக்கம்பைக் கண்டுபிடித்தவர் யார், சேர்?" என்றாள். செடிகளின் தலை ஒரே மட்டமாக நிற்கும்பொருட்டுப் பெண்கள் குறுக்கே வைத்துப் பறிக்கும் எளிய கம்பு அது. பாடநூலில் அவளுக்கு விடை இல்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், புதிய ஆக்கத்துக்கு 20 ஆண்டு உரிமை தருகிறது. ஊரறிந்த பொருளுக்கு அவ்வுரிமை கிடையாது. அது நியாயமே, மட்டக்கம்புக்கு எவரும் வாடகை வசூலிக்க வேண்டாம். ஜகதீஸ் சந்திர போஸ் மின்னலைகளை உணரும் கருவிக்கு 1904இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். அதுவும் நண்பர்களின் வற்புறுத்தலால். அறிவைக் காசாக்க விரும்பாத அவர், பின்னர் அவ்வுரிமையைக் காலாவதியாக விட்டார். அவருக்குக் கொடுக்கவும் மறுக்கவும் ஒரு பெயர் இருந்தது. நம் தாய்மாருக்கோ அந்தத் தெரிவே வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோரின் துயர் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. பிரஜாவுரிமையே மறுக்கப்பட்டவர் ஆக்கவுரிமையை எங்ஙனம் கேட்பார்?

நம் ஊரின் சென் கூம்ஸ் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தோன்றிய அந்நிலையத்தை, ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த வரியே நெடுங்காலம் வளர்த்தது. ஆகவே ஒவ்வொரு கூடைக் கொழுந்தும் ஆராய்ச்சிக்கு அளித்த நன்கொடை என்பதில் ஐயமில்லை. அந்நிலையம் தெரிந்தெடுத்த 2025ஆம் இலக்கச் செடி போன்ற நல்லினங்கள் மலையெங்கும் பரவின. தாவரங்களுக்கு நம் சட்டம் ஆக்கவுரிமை தருவதில்லை. எனவே அவை பொதுச் சொத்து. மகிழ்வோம். ஆயினும் விளைச்சலோடு சேர்ந்து, ஒரு 'பேர்' விழுவதற்குக் கேட்கும் கிலோவும் ஏறுமாயின், விஞ்ஞானத்தின் பயன் எவரிடம் சேர்கிறது? நிறை குறைந்தால் அரைப்பேர் என்னும் கணக்கு, எந்த ஆராய்ச்சி நூலும் எழுதாத அநீதியன்றோ?

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 முதல் மின்னணு முறையில் நடைபெறுகிறது. விற்கும் முறை புதிதாயிற்று. விற்பனைப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் உண்டு, தரத்தின் பெயர் உண்டு. பறித்தவள் பெயர் இன்றும் இல்லை.

நாம் வேண்டுவது தனியுரிமை அன்று. பறிக்கும் கத்தரியோ புதிய கூடையோ வருமுன்னர், அதைச் சுமக்கப் போகும் பெண்ணின் சொல்லைக் கேட்கவேண்டும். அவளுடைய யோசனை ஏறினால் அவளுடைய பெயரும் ஏறவேண்டும். பெருகும் வருவாயில் அவளுடைய பங்கு கூலியாகத் திரும்பவேண்டும். மாணவர்களே, லயங்களில் வழங்கும் கருவிகளையும் தொழில் நுணுக்கங்களையும் இன்றே எழுதி வையுங்கள். ஏட்டில் ஏறிய அறிவை எவரும் எளிதில் மறுக்க முடியாது.