காதில் விழாத கச்சேரி

1965 ஆகஸ்ட் 15-ம் தேதி ராத்திரி, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் 55,600 பேர். உட்கார்ந்திருந்தவர்கள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான், பாதிப் பேர் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். அன்றைக்குப் போய் வந்தவர்கள் இந்த அறுபது வருஷமாக அந்த ராத்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேட்டிகளில், புத்தகங்களில், ஆவணப்படங்களில், பேரப்பிள்ளைகளிடம். எல்லாக் கதையிலும் தவறாமல் வருகிற ஒரு வரி உண்டு. பாட்டு ஒன்றுமே காதில் விழவில்லை!

கச்சேரிக்குப் போய்ப் பாட்டுக் கேட்காமல் வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று சண்டை போடுவோம். இவர்களோ அதை வாழ்க்கையிலேயே பெரிய நாள் என்கிறார்கள். அப்படியானால் அங்கே அவர்களுக்குக் கிடைத்ததுதான் என்ன?

முதலில் அது நடந்த கதை. சிட் பெர்ன்ஸ்டீன் என்று ஒரு நியூயார்க் கச்சேரி ஏற்பாட்டாளர். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸை கார்னகி ஹாலில் மேடையேற்றியவர். மண்டபம் போதவில்லை, அடுத்த தடவை ஸ்டேடியத்திலேயே வைத்துவிடலாம் என்று ஆசைப்பட்டார். ஷே என்பது பேஸ்பால் மைதானம், மெட்ஸ் அணியின் சொந்த ஊர் மாதிரி. பீட்டில்ஸின் மேனேஜர் ப்ரையன் எப்ஸ்டீனுக்கோ பயம். பாதி மைதானம் காலியாகக் கிடந்தால் மானம் போய்விடுமே! காலியாக இருக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் நானே 10 டாலர் தருகிறேன் என்றாராம் பெர்ன்ஸ்டீன். முன்பணம் கட்டும்வரை விளம்பரம் செய்யக்கூடாது என்று நிபந்தனை. சரி, விளம்பரம்தானே கூடாது, வாயால் சொல்லலாமே என்று பூங்காவில் தன்னைச் சுற்றி வந்த பையன்களிடமும் பெண்களிடமும் சொல்லிவிட்டு, ஒரு தபால் பெட்டி எண்ணையும் கொடுத்தார். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள், உள்ளே பணம். இது அவரே பின்னாளில் பல தடவை சொன்ன கதை. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை என்பது கணக்கிலேயே இருக்கிறது. மொத்த வசூல் 3,04,000 டாலர். அதில் 1,60,000 பீட்டில்ஸுக்கு.

நான்கு பேரையும் மைதானத்துக்குள் கொண்டுவந்ததே ஒரு சினிமாக் காட்சி. ஹெலிகாப்டரில் நேராக மைதானத்தின் நடுவில் இறக்கலாம் என்று திட்டம். நகர நிர்வாகம் சம்மதிக்கவில்லை. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இறக்கி, அங்கிருந்து வங்கிப் பணம் கொண்டுபோகும் வெல்ஸ் பார்கோ கவச வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வண்டிக்காரர்களின் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டேதான் நான்கு பேரும் பாடினார்கள். படத்தில் கவனித்துப் பார்த்தால் தெரியும்.

இனி சத்தத்துக்கு வருவோம். இன்றைக்கு ஒரு ஸ்டேடியத்தில் கச்சேரி என்றால் கோபுரம் கோபுரமாக ஸ்பீக்கர்கள் தொங்கும். பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்குக் காதிலேயே கருவி இருக்கும். 1965-ல் இதெல்லாம் கிடையாது. வாக்ஸ் கம்பெனி 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைக் கொடுத்திருந்தது. அந்தக் காலத்துக்கு அது பிரமாதம். ஆனால் 55,600 பேர் தொண்டைக்கு முன்னால் 100 வாட் எம்மாத்திரம்? குரலுக்கு அதுவும் இல்லை. அடுத்து யார் பேட் செய்ய வருகிறார் என்று அறிவிப்பதற்காக மைதானத்தில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிகளில்தான் அவர்கள் பாட்டு போனது. அறிவிப்புக்கே கரகரக்கும் சாமான், அதில் மூன்று குரல் சேர்ந்திசை!

மேடையிலும் அதே நிலைமைதான். ஒருவர் பாடுவது இன்னொருவருக்குக் கேட்காது. பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த ரிங்கோ, முன்னால் நிற்கும் மூன்று பேரின் உடம்பு அசைவைப் பார்த்துத்தான் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பாராம். 12 பாட்டு, ஏறக்குறைய அரை மணி நேரம், முடிந்தது. கடைசிப் பாட்டில் ஜான் லெனன் முழங்கையால் ஆர்கனைத் தேய்த்துத் தள்ளியதைப் பார்த்து ஜார்ஜ் ஹாரிசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன வாசித்தால் என்ன, யாருக்குக் கேட்கப் போகிறது என்ற விடுதலை அது.

அப்படியென்றால் படத்தில் மட்டும் பாட்டு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. 1966 ஜனவரி 5-ம் தேதி நான்கு பேரும் லண்டனில் ஒரு ஸ்டூடியோவுக்கு யாருக்கும் சொல்லாமல் போய், திரையில் தங்கள் வாயசைவைப் பார்த்துப் பார்த்துப் பல இடங்களில் மறுபடி பாடி வாசித்துக் கொடுத்தார்கள். ரிங்கோ பாடிய பாட்டுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, ஏற்கெனவே வெளிவந்த இசைத்தட்டையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஆக, வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவருக்கு நடக்காத கச்சேரி நன்றாகக் கேட்டது. நடந்த கச்சேரிக்குப் போனவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எனக்கு எதுவும் கேட்கவில்லை" என்கிற ரசிகரின் ஞாபகம், 14 கேமரா வைத்து எடுத்த படத்தைவிட உண்மையானது!

பாட்டு இல்லாத இடத்தில் ரசிகர்களின் ஞாபகத்தில் இருப்பது என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் மனிதர்கள்தான். கூட வந்த அக்கா. காதைப் பொத்திக்கொண்ட அப்பா. மயங்கி விழுந்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய போலீஸ்காரர். (போலீஸ்காரர்களே காதில் விரலை விட்டுக்கொண்டு நிற்பது படத்தில் இருக்கிறது.) தூரத்தில் எறும்பு மாதிரித் தெரிந்த நான்கு உருவங்களைவிட, பக்கத்து நாற்காலியில் அழுதுகொண்டிருந்த முன்பின் தெரியாத பெண்ணின் முகம் பளிச்சென்று நினைவிருக்கிறது.

நடிகை ஹூப்பி கோல்ட்பெர்க் அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர். அப்போது அவருக்கு ஒன்பது வயது. கறுப்பினக் குடும்பம், அம்மா ஒருத்தியின் சம்பாத்தியம், வசதி கிடையாது. எங்கே போகிறோம் என்று சொல்லாமலே அம்மா அவரை ரயிலில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஸ்டேடியம் வந்த பிறகுதான் அம்மா கையில் டிக்கெட் இருப்பது மகளுக்குத் தெரிந்தது. ரான் ஹோவர்ட் 2016-ல் எடுத்த பீட்டில்ஸ் ஆவணப்படத்தில் அவர் இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் சொல்வது ஜானையோ பாலையோ பற்றி அல்ல, அம்மாவைப் பற்றி. அதே கூட்டத்தில், பீட்டில்ஸ் மேல் பெரிய பைத்தியம் எதுவும் இல்லாமல், ஆசைப்பட்ட தங்கைக்குத் துணையாக வந்த ஒரு பெண்ணும் இருந்தார். பெயர் பார்பரா பாக். பதினாறு வருஷம் கழித்து, 1981-ல், ரிங்கோவையே கல்யாணம் செய்துகொண்டார். இதைக் கதையாக எழுதியிருந்தால் யாராவது நம்புவார்களா?

பக்கத்து நாற்காலியில் யார் என்பது சில ஊர்களில் இவ்வளவு லேசான விஷயமாக இருக்கவில்லை. ஷேவுக்கு ஒரு வருஷம் முன்பு, 1964 செப்டம்பர் 11. ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் கேட்டர் பவுல் என்ற கால்பந்து ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடுவதாக ஏற்பாடு. சிவில் உரிமைச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சட்டம் வந்துவிட்டது, ஊர் மாறவில்லை. பொது இடங்களில் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பினத்தவர் ஒரு பக்கம் என்பதுதான் அங்கே பழக்கம். கச்சேரியிலும் அப்படிப் பிரித்து உட்காரவைக்கக்கூடும் என்று தெரிந்ததும், கறுப்பினத்தவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால்தான் மேடையேறுவோம் என்று செப்டம்பர் 6-ம் தேதி பீட்டில்ஸ் அறிக்கை விட்டார்கள். இருபது வயதைத் தாண்டிய நான்கு லிவர்பூல் பையன்கள். அமெரிக்காவில் அப்போது அவர்கள் சம்பாதிக்கத் தொடங்கிய நேரம். வாயை மூடிக்கொண்டு பாடிவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர்கள் பாட்டைப் பிடிக்காதவர்கள்கூட இந்த ஓர் இடத்தில் எழுந்து நிற்கலாம்.

ஊர் இறங்கி வந்தது. ஆனால் முந்தின நாள் டோரா புயல் அந்தக் கரையைத் தாக்கியதில் பலரால் வரவே முடியவில்லை. டிக்கெட் வாங்கியவர்களில் ஆயிரக்கணக்கானோர் வராமல் போக, வந்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். காற்று இன்னும் அடங்காததால் ரிங்கோவின் டிரம்ஸை மேடையில் ஆணி அடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் தனியாக வந்திருந்த ஒரு கறுப்பினப் பெண், பிற்காலத்தில் வரலாற்று ஆய்வாளரான கிட்டி ஆலிவர். அதே ஆவணப்படத்தில் அவரும் பேசுகிறார். வெள்ளையர்களோடு பழகியே அறியாத ஊரில் வளர்ந்தவர். சுற்றிலும் வெள்ளை முகங்களாக இருக்க, நடுவில் போய் உட்கார்ந்தார். உள்ளுக்குள் பயம். பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து கத்தினார்கள், அவரும் எழுந்து கத்தினார். எல்லோரும் பாடினார்கள், அவரும் பாடினார். அவர் ஞாபகமாகச் சொல்வது இவ்வளவுதான். அன்று காற்றில் எந்த வரி தேய்ந்தது, எந்த சுருதி விலகியது என்பதெல்லாம் அவருக்கு எதற்கு?

பாடகர்களுக்கு ஆனால் அது போதவில்லை. போதாதுதான். தன் குரல் தனக்கே கேட்காமல் எத்தனை நாள் பாடுவது? 1966 ஆகஸ்டில் மறுபடி ஷேவுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான நாற்காலிகள் காலி. ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். 25,000 பேர். மேடையைச் சுற்றிக் கம்பி வேலி. இதுதான் கடைசி என்று கூட்டத்துக்குச் சொல்லவில்லை. பாடுகிறவர்களுக்குத் தெரியும். பாட்டுக்கு நடுவில் கேமராவைத் திருப்பி வைத்துத் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோவிடம் ஒரு கேசட் ரெக்கார்டரில் இதைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தார் பால் மெக்கார்ட்னி. பாரோ மைதானத்தில் நின்று பதிவு செய்தார். ஒரு பக்கம் 30 நிமிஷ நாடா. கடைசிப் பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது நாடா தீர்ந்துவிட்டது. பீட்டில்ஸின் கடைசிக் கச்சேரி எப்படி முடிந்தது என்று அந்தப் பதிவைக் கேட்டால் தெரியாது, அந்த ராத்திரி அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2016-ல் இன்னொரு விஷயம் நடந்தது. ஹாலிவுட் பவுல் அரங்கில் 1964-லும் 1965-லும் எடுத்த பழைய ஒலிநாடாக்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, கூச்சலைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும் பிரித்து, கூச்சலைக் குறைத்து வெளியிட்டார்கள். செய்தவர் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ். நேர்த்தியான வேலை. வாசித்தது எவ்வளவு கச்சிதமாக இருந்திருக்கிறது என்று கேட்டு வியக்கலாம். ஒன்றும் கேட்காத மேடையில் எப்படி இப்படி வாசித்தார்களோ! ஆனால் அன்று தொண்டை கிழியக் கத்திய பெண்கள், இன்று எழுபதைத் தாண்டியவர்கள், அந்தத் தட்டைப் போட்டால் தேடப்போவது குறைத்துவிட்ட அந்தக் கூச்சலைத்தான். அதில் எங்கேயோ அவர்கள் குரலும் இருக்கிறது.

ஷே ஸ்டேடியம் இப்போது இல்லை. 2008 ஜூலை 18-ம் தேதி அங்கே நடந்த கடைசிக் கச்சேரி பில்லி ஜோயலுடையது. அதன் முடிவில் விமான நிலையத்திலிருந்து போலீஸ் பாதுகாப்போடு நேராக வந்து மேடையேறினார் பால் மெக்கார்ட்னி, வயது 66. அவரை மேடைக்கு வண்டியில் கொண்டுபோய் விட்ட மைதான ஊழியர், 1965-லும் அதே மைதானத்தில் பீட்டில்ஸை வண்டியில் ஏற்றிச் சென்றவர். 2009 தொடக்கத்தில் இடிக்கும் வேலை முடிந்தது. பக்கத்திலேயே சிட்டி ஃபீல்ட் என்று புது ஸ்டேடியம். பழையது இருந்த இடம் கார் நிறுத்துமிடம். அந்தத் தார்த் தரையில் பழைய பேஸ்கள் இருந்த இடங்களை அடையாளம் காட்டத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். இரண்டாவது பேஸ் இருந்த இடத்தில்தான் அன்று மேடை போட்டிருந்தார்கள். மேட்ச் இல்லாத நாளில் போனால் கார்கள் மறைக்காது, தகட்டைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்.