குணம் மாறியதா, மூளையில் காயமா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், 1848 செப்டம்பர் 13. ரயில் பாதை போடுவதற்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஃபினியஸ் கேஜுக்கு வயது 25. பாறைத் துளையில் வெடிமருந்தைக் கெட்டிக்கும்போது தீப்பொறி பறந்தது. கையிலிருந்த மூன்றரை அடி நீள, 6 கிலோ இரும்புக் கம்பி இடது கன்னத்தில் புகுந்து, தலையின் மேல்பக்கம் பிய்த்துக்கொண்டு வெளியேறியது.

சில நிமிடங்களிலேயே அவர் பேசினார்! மாட்டுவண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்குள் வந்தார். டாக்டர் ஜான் ஹார்லோவின் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். இடது கண் பார்வை போனது. நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் தப்பித்தன.

ஆனால், பழகியவர்களுக்கு அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். விபத்துக்கு முன்பு பொறுப்பானவர், வேலையில் கெட்டிக்காரர். இப்போதோ வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, எதற்கெடுத்தாலும் பிடிவாதம். ஒரு திட்டம் போடுவார், உடனே கைவிடுவார். பழைய மேஸ்திரி வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

காரணம், கம்பி சிதைத்த இடம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் ஆத்திரத்தை அடக்குகிறது, பின்விளைவை யோசிக்க வைக்கிறது.

இடம் மாறினால் பாதிப்பும் மாறும். இடது முன்பகுதியில் பக்கவாதம் தாக்கினால், பலருக்குச் சொல்ல நினைப்பது மனதில் இருக்கும், வார்த்தை வராது. வலது பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலர், தட்டின் இடது பாதியில் இருக்கும் சோற்றைத் தொடவே மாட்டார்கள். இடது கை அசையவில்லை என்பதையே ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அது அடம் அல்ல. அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே அவர்கள் மூளைக்கு எட்டவில்லை.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. இதற்கு மூளையின் இன்ன இடம்தான் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. ஆனால், சிகிச்சை உண்டு.

கேஜின் கதையில் பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பயணிகளையும் குதிரைகளையும் சமாளிக்க நிதானம் வேண்டாமா? அன்றாடம் ஓர் ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரைத் தேற்றியிருக்கலாம் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். உடல்நிலை கெட்டதும் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த அம்மாவிடம் வந்து சேர்ந்தார். வலிப்பு வந்து, 1860-ல் இறந்தார். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தன் வீரசாகசங்களைக் கதைகதையாக அளந்துவிடுவாராம்.

பக்கவாதமோ தலைக்காயமோ வந்து வீடு திரும்பிய அப்பா எரிந்து விழுகிறாரா? அம்மா காரணமில்லாமல் அழுகிறாரா? 'வேணும்னே பண்றாங்க' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஸ்கேனில் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது, அதனால் என்னென்ன மாறலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். கை கால் எப்படி இருக்கிறது என்பதோடு, கோபத்தையும் அழுகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பாடு, தூக்கம், சின்னச் சின்ன வேலை எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். கோபப்படுவது அவர்தான், ஆனால், கோபத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு காயம். கட்டுப் போட்டிருந்தால் நம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.