ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரம்

முத்துநகர் எக்ஸ்பிரஸ் வாஞ்சி மணியாச்சியில் நின்றால் பெட்டியில் யாராவது ஒருவர் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட கதையைத் தொடங்கிவிடுவார். 1911 ஜூன் 17, முதல் வகுப்புப் பெட்டி, வாஞ்சிநாதன் கைத்துப்பாக்கி. தூத்துக்குடி போய்ச் சேருவதற்குள் கதை முடிய வேண்டுமே என்ற அவசரம் அதில் இருக்கும். அடுத்து வரும் தட்டப்பாறையைப் பற்றிச் சொல்ல யாரிடமும் கதை இல்லை. என்னோடு வந்த கூடலூர் நண்பர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்காகவே விடியுமுன் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரயில் நிற்கவில்லை. மஞ்சள் பலகை வந்தது, போனது. "இதுதானா?" என்றார். அவருடைய தாத்தாவைப் பெற்றவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறுமுன் அடைபட்டுக் கிடந்த இடம் இதுதான்.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சொந்தத்தைத் தேடி வந்திருந்தோம். எனக்கு என் பாட்டியின் அண்ணன். 1920களில் தோணியேறிக் கொழும்புக்குப் போனவர், கடிதம் நின்றது, கடலில் போய்விட்டார் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பாட்டி அவர் பெயரில் பூசைக்குக் காசு கொடுப்பாள். நண்பருக்குத் தேவை ஒரு கிளை: 1970களில் அவருடைய அப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தபோது, இலங்கைக் குடியுரிமை கிடைத்து ஹட்டன் பக்கம் தங்கிவிட்ட பெரியப்பா வீடு. இரண்டு தேடலுக்கும் தூத்துக்குடிதான் வாசல். ஆனால் கதவு வேறு வேறு என்பது இங்கே வந்து இறங்கிய பிறகுதான் புரிந்தது.

இந்தக் கரையில் பரதவர் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, மணப்பாடு என்ற ஏழு துறைகளிலும் கோயில் கணக்கு இருக்கிறது. 1530களின் நடுவில் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டு, ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கியது முதல் தொடங்கிய உறவு அது. 1542ல் சவேரியார் வந்தார். பிறகு வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் படித்து, 1578ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலை அச்சிட வைத்தார். பெர்னாண்டோ, மச்சாது, மிராண்டா, ரொட்ரிகோ என்று எங்கள் பெயர்களுக்குப் பின்னால் நிற்பவையும் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டவைதான். அவை தேடலுக்கு உதவும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கொழும்பில் போய் பெர்னாண்டோவைத் தேடுவது மதுரையில் முத்துவைத் தேடுவது மாதிரி. சிங்களவரிலேயே எத்தனை ஆயிரம் பெர்னாண்டோக்கள்!

பாட்டியின் பங்குக் கோயிலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். பங்குசாமி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வருசம் தெரியுமா அண்ணாச்சி? ஒரு அஞ்சு வருசம் முன்னபின்ன சொன்னாக்கூடப் போதும்" என்றார் உபதேசியார்.

1900க்கும் 1905க்கும் நடுவில் என்றேன். அலமாரியிலிருந்து எடுத்து வைத்த புத்தகம் நீளவாக்கில் இருந்தது, கடைக் கணக்குப் பேரேட்டின் அளவு. தோலட்டை உரிந்து முதுகில் நூல் தெரிந்தது. பூச்சி அரித்த துளை ஒரு பக்கத்தில் தொடங்கிப் பத்திருபது பக்கம் ஒரே இடத்தில் இறங்கிப் போயிருந்தது. அதில் யாருடைய பெயரின் எந்த எழுத்து போனதோ. ஒவ்வொரு குழந்தைக்கும் நாலைந்து வரி, லத்தீனில்: பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், அப்பா, அம்மா, ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் சாமியாரின் கையெழுத்து. வீட்டில் சூசை என்று கூப்பிட்டவர் இங்கே யோசேபுஸ். கொழும்பில் ஜோசப் ஆகியிருப்பார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் என்பதால், அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் அப்படியே பொருந்துகிற குழந்தைகள் மூன்று கிடைத்தார்கள். மூன்றில் எங்களவர் யார்?

வழி காட்டியவள் ஞானத்தாய். பாட்டி அடிக்கடி பேசும் ஒரு சித்தி உண்டு, ஊரில் வேறு யாருக்கும் வைக்காத பெயர். மூன்றாவது பதிவில் அவள் இருந்தாள். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பெற்றோர் பெயரிலேயே கண்ணை வைத்து ஞானப்பெற்றோரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த வரியில்தான் சொந்தபந்தம் முழுக்க அடங்கியிருப்பதாகப் படுகிறது. அன்றைக்கு யாரோடு போக்குவரத்து இருந்தது, யாரோடு இல்லை என்பதை அது சொல்லிவிடும்.

பதிவைப் படித்து முடித்தபோது உபதேசியார் விரலை ஓரத்துக்கு நகர்த்தினார். வேறு மை, வேறு கை. 1927, கொழும்பு, கொட்டாஞ்சேனை புனித லூசியாள் கோயில், பெண்ணின் பெயர், தேதி.

1908 ஈஸ்டர் முதல் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும், அந்தச் சாமியார் மணமக்கள் ஞானஸ்நானம் வாங்கிய பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும்; அங்கே பதிவின் ஓரத்தில் அதைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு கரையில் பெண்டாட்டியை விட்டுவிட்டு மறுகரையில் இன்னொரு தாலி கட்டுகிறவனைப் பிடிக்கவும் இது உதவியது. நூறு வருடம் கழித்து வருகிற என்னைப் போன்றவனுக்கு அது பொட்டலம் கட்டி வைத்த விலாசம். ஊரை விட்டுப் போனவர் எந்த ஊருக்குப் போனார் என்பதைப் பிறந்த ஊரின் புத்தகமே சொல்லிவிடுகிறது. 1908க்கு முன்னால் போனவர்கள் என்றால் இந்த உதவி கிடைக்காது. போதாக்குறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் கோவாச் சாமியார்களுக்கும் சேசு சபையாருக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் இந்தக் கரைச் சனம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஒரு புத்தகத்தில் இல்லாத பிள்ளை இன்னொரு கோயில் புத்தகத்தில் இருக்கலாம்.

ஆக, பாட்டி பூசைக்குக் காசு கொடுத்த காலத்தில் மனிதர் உயிரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்! சிரித்தேன். பிறகு யோசித்தேன். கொழும்பிலிருந்து சாமியாருக்கு வந்த கடிதம் தெருவுக்குத் தெரியாமலா போயிருக்கும்? பெண்ணின் பெயரைப் பார்த்தால் ஏழு துறையைச் சேர்ந்த குடும்பமாகத் தெரியவில்லை. கடலில் போனார் என்பது பாட்டிக்குச் சொல்லப்பட்ட கதை. அவளுடைய அப்பாவுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தொலைந்த சொந்தங்களில் பாதி தொலைக்கப்பட்ட சொந்தங்கள்.

மத்தியானம் திரேஸ்புரம் போனோம். முத்துக்குளித்த ஒரு பெரியவரைப் பார்க்க வேண்டும் என்பது நண்பரின் ஆசை. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். 1955லிருந்து தொடர்ந்து நடந்துவந்தது அத்தோடு நின்றது. பெரியவர் அப்போது விடலைப் பையன். பிறகு ஆயுள் முழுக்கச் சங்கு குளித்திருக்கிறார். ஒரு காது சுத்தமாகக் கேட்காது.

"தண்ணிக்குள்ள போறவனுக்குக் கயிறு பிடிக்க யாரு வேணும்னு நெனைக்கிய? கூடப்பிறந்தவன் ஆகமாட்டான். மச்சான்தான் வேணும். அக்கா தாலியாச்சே, விட்ருவானா?" என்றார்.

இந்தக் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது. சலாபம் என்றால் முத்து மட்டும் என்று நினைப்பது தப்பு. மன்னார்ப் பக்கம் மறிச்சுக்கட்டியில் சலாபம் போட்டால் தூத்துக்குடி, கீழக்கரை ஆட்கள் படகோடு போவார்கள், அரபிகளும் வருவார்கள். எடுத்த சிப்பியில் குளிகாரருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. 1905ல் அப்படி நடந்த பெரிய சலாபத்தில் இலங்கை அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். வெறும் மணலில் சில வாரத்துக்கு ஒரு நகரமே எழும்பி மறையும். இரண்டு கரைச் சனமும் ஒன்றாகக் கிடக்கிற இடத்தில் பெண் கேட்பதும் கொடுப்பதும் நடக்காமல் இருக்குமா? பெரியவரின் அத்தை ஒருத்தி இலங்கையில் சிலாபம் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். "தந்தி வந்தா தோணியேறிப் போயிருவோம். இப்ப பாஸ்போட்டு கேக்கான்."

நண்பர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு இதில் எதுவும் உதவாது. அவருடைய முன்னோர் கடலே பார்த்திராத, மழை பொய்த்த கரிசல் காட்டிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் வந்தவர்கள். எந்தக் கோயில் புத்தகத்திலும் அவர்கள் இல்லை.

மறுநாள் பாசஞ்சர் ரயிலில் தட்டப்பாறைக்குத் திரும்பிப் போனோம். 1876ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, தோட்டத்துக்கு ஆள் போகும் வழிகளில் இது முக்கியமானது. இலங்கை அரசு இங்கே முகாம் வைத்திருந்தது. காலரா, அம்மைக்குப் பயந்து ஆட்களை நிறுத்தி, டாக்டர் பார்த்து, பிறகு தூத்துக்குடியில் கப்பலேற்றுவார்கள். அன்று துறைமுகம் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கொழும்பில் இறக்கி ராகம முகாமில் மறுபடி சோதனை. 1914 பிப்ரவரியில் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறந்ததும், கப்பலோடு இணைந்த போட் மெயில் ரயில் அந்தப் பக்கம் திரும்பியது. மண்டபம் முகாம் பெரிதானது, தட்டப்பாறையை ஊர் மறந்தது. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கேட்டோம். கேம்ப் என்றால் ஏதோ ராணுவம் என்று நினைத்தார்கள்.

முகாம் நடந்த காலத்தில் ஆளோடு போனது தகர டிக்கெட். 1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. வட்டமான தகடு, அதில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் பொறித்திருக்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் முகாமிலும் கப்பலிலும் காசு கேட்க மாட்டார்கள். சாப்பாடு, பயணச் செலவெல்லாம் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும், தோட்டம் அதைக் கங்காணி தலையில் எழுதும், கங்காணி ஆளின் தலையில் எழுதுவான். வேறு தோட்டத்துக்கு மாறும்போது கையில் கொடுக்கும் துண்டுச் சீட்டிலும் இருப்பது கடன் தொகைதான். 1921ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். மனிதனை இவ்வளவு கவனமாகக் கணக்கு வைத்தவர்கள் அவன் அப்பன் பெயரை எங்கேயும் கேட்கவில்லை.

அப்பன் பெயரைக் கேட்ட காலம் பின்னால் வந்தது, நல்ல காரியத்துக்காக அல்ல. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 சட்டத்தின்படி இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் 1946க்கு முன் ஏழு வருடம் இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கல்யாணம் ஆகாதவர் என்றால் பத்து வருடம். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நண்பர் குடும்பத்தைப் பிரித்த கத்தி அதுதான். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். தம்பி வீடு ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் இருந்து, கூடலூரில் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து பறிக்கப் போனது.

தட்டப்பாறை நடைமேடையில் நண்பர் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். அவர் அப்பாவின் குடும்ப அட்டை, திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இந்தியத் தூதரகம் கொடுத்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. தோட்டத்தின் பெயர் தெளிவாக இருந்தது. பாட்டியின் அண்ணனுக்கு ஓரக் குறிப்பு என்ன செய்ததோ அதை இந்தப் பெயர் அவருக்குச் செய்யலாம். தோட்டத்தில் செக்ரோல் என்கிற ஆள் பதிவேடு இருக்கும், ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவு இருக்கும், பெயர் சொன்னால் லயத்தில் கிழவி யாராவது தலையசைப்பாள்.

கொட்டாஞ்சேனைக்கு எழுதிய என் கடிதத்துக்கு இப்போது பதில் வந்துவிட்டது. அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பேத்தி நீர்கொழும்பில் இருக்கிறாள். போனில் பேசினோம், ஆங்கிலத்தில். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. தாத்தா தூத்துக்குடி என்று கேள்விப்பட்டிருக்கிறாளாம். அங்கே தேடுவாரில்லை என்றும் கேள்விப்பட்டிருக்கிறாளாம். இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் 2001 முதல் எங்கள் பரதவர், பரதர் என்ற பெயரில் தனி இனமாக இருப்பதைச் சொன்னேன். அவள் வீட்டில் சிங்களவர் என்றே எழுதுகிறார்கள். எழுதட்டும்.

2011ல் சில மாதம் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிக் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடியது, ஆளில்லாமல் நின்றுபோனது. ஆகவே மதுரையிலிருந்து விமானம். நானும் நண்பரும் சேர்ந்தே போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். நான் நீர்கொழும்பில் தங்கிக்கொள்வேன், அவர் கொழும்புக் கோட்டையில் பதுளை ரயிலைப் பிடித்து ஹட்டனில் இறங்குவார். தோட்ட ஆபீசுக்கு எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. "பதில் வராட்டியும் போவேன். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல போய் நின்னா நம்ம மூஞ்சி ஒண்ணாவது இருக்காதா?" என்கிறார்.