அழைப்புக்காகக் காத்திருத்தல்

தைப்பூசத்திற்கு முந்திய நாள். ஜார்ஜ்டவுன் லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் காலையிலேயே தண்ணீர்மலையை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. வழியெங்கும் தேங்காய்கள் உடைபடுகின்றன. மனைவியோடும் மகளோடும் கூட்டத்தில் நிற்கும் ஒருவர் மட்டும் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் ஒரு விமானி. மறுநாள் விடியற்காலை நான்கு மணி முதல் அவருக்குக் காத்திருப்புப் பணி.

“இரதம் திரும்பி வரும்போது இருப்பீங்களா அப்பா?” என்று மகள் கேட்கிறாள்.

“அழைப்பு வரலைன்னா இருப்பேன்மா.”

விமானி ஒருவருக்குத் திடீரெனக் காய்ச்சல் வரலாம். புயல் மழையால் விமானம் தாமதமாகி, விமானியின் பணி நேர வரம்பு முடிந்துபோகலாம். வரம்பைத் தாண்டி அவர் விமானம் ஓட்டுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்போது வேறொருவர் உடனே வரவேண்டும். அதற்காகவே சில விமானிகளை நிறுவனங்கள் தயார்நிலையில் வைத்திருக்கின்றன. அழைப்பு வந்தால் குறித்த நேரத்திற்குள் அவர்கள் விமான நிலையத்தில் இருக்கவேண்டும். பணிமூப்புக் குறைந்தவர்களுக்கே இப்பணி பெரும்பாலும் வந்து சேர்கிறது.

இவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு பினாங்கில், பணித்தளமோ சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம். பாயான் லெப்பாஸிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால், ஊழியர் சலுகைப் பயணச்சீட்டுக்கு இருக்கை காலியாக இருக்கவேண்டும். பண்டிகைக் காலத்தில் அதை நம்ப முடியுமா? சாலை வழியென்றால் நான்கு மணி நேரத்திற்கும் மேல். ஆகவே, நீலாயில் வேறு மூன்று விமானிகளோடு சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார். சன்னல்களுக்குக் கனத்த கருந்திரைகள். குளிர்பதனப் பெட்டியில் பெயர் ஒட்டிய உணவு டப்பாக்கள். யார் எப்போது உறங்குவார் என்று சொல்ல முடியாததால், அங்கே எல்லாரும் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

முன்பெல்லாம் அவர் கடைசி விமானத்தில்தான் கிளம்புவார். ஒருமுறை இடிமழையால் அந்த விமானம் தாமதமாகி, நீலாய் வீட்டை அடையும்போது மணி இரண்டு. நான்கரைக்குக் கைப்பேசி ஒலித்தது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. முடியாது என்றால் என்ன நினைப்பார்கள்? போகலாம் என்றுதான் முதலில் நினைத்தார்.

அப்போது பயிற்சி வகுப்பில் படித்த ஒரு விபத்து அவர் நினைவுக்கு வந்தது. 2009 பிப்ரவரி 12ஆம் நாள், அமெரிக்காவில் நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர். துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்தவர். விமானியும் வெளியூரிலிருந்து வந்து போகிறவரே. வேகம் குறைந்தபோது விமானி தவறாகச் செயல்பட்டதே முதன்மைக் காரணம். எனினும், இருவரின் களைப்பும் அவர்கள் செயல்திறனைப் பாதித்திருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது. பின்னர் அமெரிக்கா விதிகளைத் திருத்தியது. 2014 முதல் அங்கே பயணிகள் விமானத்தை ஓட்டுவோருக்குப் பணிக்குமுன் 10 மணி நேர ஓய்வு வேண்டும். அதில் 8 மணி நேரம் தடையின்றி உறங்க வாய்ப்பும் இருக்கவேண்டும். விதி வாய்ப்பைத்தான் தரமுடியும். உறங்கவேண்டியது விமானிதானே!

“நான் போதுமான அளவு உறங்கவில்லை. இன்று விமானம் ஓட்டும் நிலையில் இல்லை,” என்றார் அவர். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, “சரி, குறித்துக்கொள்கிறேன்,” என்ற குரலோடு அழைப்பு துண்டிக்கப்பட்டது. இருந்தும், அன்று அவருக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பிறகு காத்திருப்புப் பணிக்கு முந்திய நாள் நண்பகலிலேயே கிளம்பிவிடுகிறார். இந்த ஆண்டும் இரதம் பாதி வழியைக் கடக்குமுன் அவர் பாயான் லெப்பாஸில் இருந்தார்.

தைப்பூசத்தன்று கைப்பேசி ஒலிக்கவில்லை. மறுநாள் நண்பகலில் காத்திருப்பு முடிந்தது. பிற்பகல் விமானத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. இரதம் தண்ணீர்மலையிலிருந்து திரும்பிய அந்த இரவில், கையில் தேங்காயுடன் மகளின் பக்கத்தில் அவர் நின்றார். பழக்கத்தால் கைப்பேசியை ஒருமுறை எடுத்துப் பார்த்தார். மகள் அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.